ஐந்நூற்றாறு பேர் நம்பிய கட்டுரை

டாக்டர் தொகாஷி மிஹோகோ எழுதிய நூற்றுச் சொச்சம் கட்டுரைகளில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. மற்றவை அச்சாகி, அலமாரி ஏறி, எழுதியவருக்கே மறந்துபோனவை. ஓடிய கட்டுரை, வலிப்பு நோயாளிகள் வீட்டில் எழுதி வைக்கும் குறிப்பேட்டைப் பற்றியது. நல்ல நாளுக்கு ஒரு வட்டம், வலிப்பு வந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டு வருடம் தொடர்ந்து வட்டமாகவே இருந்தால் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம், ஆபத்தில்லை என்று அறுபத்திரண்டு பேரை வருடக்கணக்கில் கவனித்து எழுதியிருந்தார்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, துறைத்தலைவர் அராகி போனில் கூப்பிட்டார். டாக்டரைச் சென்செய் என்பது ஜப்பானிய மரியாதை; அன்று அந்தச் சொல்லிலேயே கல்யாண வீட்டுக் களை.

"தொகாஷி சென்செய், ஐந்நூறைத் தாண்டிட்டீங்க! ஐந்நூத்தியாறு! அகிதா பக்கம் நரம்பியல்ல இந்த எண்ணிக்கை வேற யாருக்கு இருக்கு? புதுசா வரப்போற சிகிச்சை வழிகாட்டியிலயும் உங்க கட்டுரைதான் முதல் ஆதாரமாம்."

இன்னொருவர் தன் கட்டுரையில் நம்முடையதை ஆதாரமாகக் காட்டினால் நமக்கு ஒன்று கூடும். அவர் அதைப் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. தொகாஷிக்கும் இது தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டார். ஐம்பத்தெட்டு வயதில், வருடத்தில் பாதி பனி கொட்டும் ஒரு கடலோர ஊரில், தன்னை ஐந்நூறு பேர் நம்புகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அன்று பத்தரை மணிக்கு இசோபே எய்கிச்சியின் முறை. வீடு வீடாக மண்ணெண்ணெய் கொண்டுபோய் ஊற்றும் லாரி ஓட்டுபவர், அறுபத்திரண்டு பேரில் ஒருவர், ஒன்பது வருடமாக ஒரு பெருக்கல் குறிகூட இல்லாதவர். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது அவர் மனைவி தொமிகோ மட்டும்.

"இசோபே-சான் வரலையா? வண்டி பனியில மாட்டிக்கிச்சா?"

தொமிகோ இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். "அவர் போன வாரம் போயிட்டாருங்க சென்செய். குளியல் தொட்டியில மூழ்கி. இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றி."

பிறகு ஒரு துணி மூட்டையை அவிழ்த்துப் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயை மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் குறிப்பேட்டையும் வைத்தாள். ஆஸ்பத்திரி கொடுத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். தொகாஷி கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இறந்த நாளுக்கும் வட்டம் இருந்தது. மனுஷன் குளிக்கப் போகும் முன்பே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒன்பது வருஷமா வலிப்பு ஒரு தடவைகூட வரலையே தொமிகோ-சான். திடீர்னு எப்படி?"

தொமிகோ கைக்குட்டையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"வந்துச்சுங்க."

"எப்போ?"

"மாசத்துக்கு ரெண்டு. குளிர் காலத்துல மூணு, நாலு. நான் சமையல்கட்டு நாள்காட்டியில நெசத்தைக் குறிச்சு வெச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

"அந்த நாள்காட்டி எங்கே?"

"சவப்பெட்டியில வெச்சு அவரோட அனுப்பிட்டேன். தொப்பி, சுமோ பத்திரிகை, அவருக்குப் பிடிச்ச எள்ளு மிட்டாய், அதுங்களோட அதையும் வெச்சேன். தகனம் ஆயிடுச்சு. யார் கண்ணுலயாவது பட்டா உங்க பேர் கெட்டுடுமேன்னு."

தொகாஷி குறிப்பேட்டை மூடினார். "என்கிட்ட ஏன் பொய் சொன்னார்?"

"லைசென்ஸுக்குத்தான் சென்செய், வேற எதுக்கு? ரெண்டு வருஷமா வலிப்பு இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தானே குடுப்பாங்க? வண்டி ஓட்டலைன்னா நாங்க எதைச் சாப்பிடுறது? அப்புறம்… வட்டத்தைப் பார்த்தா நீங்க சிரிப்பீங்க. வீடு வர்ற வரைக்கும் 'இன்னிக்கு சென்செய் சிரிச்சாங்கடி'ன்னு சொல்லிக்கிட்டே வருவார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

"இவர் ஒருத்தர்தானா?"

"எல்லாருந்தாங்க. வெளியில காத்திருக்கும்போது ஒருத்தர் பேனாவை ஒருத்தர் வாங்கி மொத்தமா போட்டுருவாங்க. பனி தள்ளுற வண்டி ஓட்டுறாரே குமகாய்-சான், அவரு மூணு மாசத்து வட்டத்தை அஞ்சு நிமிஷத்துல போட்டு முடிச்சிருவார். கை அப்படி."

அந்தக் காட்சியைத் தொகாஷி எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். குனிந்த தலைகள், கைமாறும் பேனா, அடக்கிய சிரிப்பு. நோயாளிகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறார்கள் என்று கட்டுரையின் முன்னுரையில் பெருமையாக ஒரு வரிகூட எழுதியிருந்தார்.

இசோபேயின் மாத்திரையை ஏழு வருடம் முன்பு பாதியாக்கியவர் அவர்தான். நான்தான் கொன்றேன் என்று நினைத்தார். அதை வேறு எந்த விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் சரியாக வரவில்லை. தன் சொல்லை நம்பி வேறு எந்தெந்த ஊரில் யார் யார் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருக்கிறார்களோ என்ற நினைப்பு அடுத்து வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். வழிகாட்டி அச்சேறும் முன் பெற வேண்டும்.

"நீங்க சொன்னதை எழுதித் தருவீங்களா தொமிகோ-சான்?"

தொமிகோ பதறி எழுந்துவிட்டாள். "ஐயோ, முடியாதுங்க. செத்தவர் மேல கேஸு வரும். மத்தவங்க லைசென்ஸெல்லாம் போயிரும். ஊர்ல நான் முகத்தைக் காட்ட முடியுமா? நான் எதுவும் சொல்லலை, நீங்க எதுவும் கேக்கலை." மறுபடி குனிந்து வணங்கிவிட்டு, குனிந்தபடியே வெளியே போனாள்.

அராகி கெட்ட மனிதர் அல்ல. தொகாஷி சொன்னதை முழுதும் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆதாரம் என்ன இருக்கு?"

"குறிப்பேடுகள் எல்லாம் பொய்."

"பொய்ங்கறதுக்கு ஆதாரம்?"

"எரிஞ்சு போச்சு."

"சென்செய், ஐந்நூத்தியாறு பேர் உங்க மேல மாடி கட்டியிருக்காங்க. ஒரு அம்மா புலம்பினாங்கன்னு அஸ்திவாரத்தை உருவ முடியுமா? புருஷன் போன துக்கத்துல அவங்க என்ன பேசினாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. ரெண்டு நாள் லீவு போடுங்க. வெந்நீர் ஊற்றுக்குப் போய்ட்டு வாங்க."

வெந்நீர் என்ற சொல்லைக் கேட்டதும் தொகாஷிக்கு இசோபேயின் தொட்டி கண்ணில் வந்து நின்றது. அராகி அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த வியாழன் குமகாய் வந்தார். நாற்பத்தொன்பது வயது, கதவை அடைக்கும் உடம்பு. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழைக் கையெழுத்துக்காக நீட்டினார். தொகாஷி அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"குமகாய்-சான், வலிப்பு வருதா? நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"வட்டம்தான் சென்செய். பாருங்க, முத்து முத்தா இருக்கு."

"காத்திருக்கிற அறையில போட்ட முத்துதானே?"

குமகாய் நெற்றியைத் தேய்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஆறுதல் சொல்பவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். "இசோபே வீட்டுக்காரம்மா வந்து அழுதாங்க. உளறிட்டேன், சென்செய் பேப்பருக்கு ஆபத்து வந்துருச்சுன்னு. நீங்க கவலையே படாதீங்க. நாங்க பதினோரு பேர் உக்காந்து பேசி முடிச்சிட்டோம். மத்தவங்களுக்கும் சொல்லியாச்சு. யார் வந்து கேட்டாலும் வட்டம்தான். உங்க பேரை நாங்க விட்டுக்குடுக்க மாட்டோம்."

அவர் கண் கலங்கியிருந்தது. அன்பினால்தான். தொகாஷிக்கு மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என் பேர் நாசமாப் போகட்டும்! மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏத்தறேன். அதையாவது முழுங்குங்க."

"எதுக்கு? வலிப்புதான் இல்லையே."

"இசோபே-சான் செத்துட்டார்!"

"அதனாலதான் சொல்றேன். மருந்தை ஏத்தினா ஏன் ஏத்தினாங்கன்னு சான்றிதழ்ல எழுதணும். எழுதினா லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போனா பனி வண்டி போச்சு. வண்டி போனா நானும் அந்தப் பெட்டியிலேயே படுத்துக்கலாம். பஸ் நின்னு ஆறு வருஷம் ஆகுது சென்செய், நாப்பது கிலோமீட்டர் நடந்தா உங்களைப் பார்க்க வர்றது?"

தொகாஷி அன்றைக்கே அவருக்கு மூளை அலைப் பதிவு எடுக்கச் சொன்னார். பதிவு சுத்தமாக இருந்தது. வலிப்பு எப்போதாவது வரும் ஆளுக்கு அரை மணி நேரப் பதிவில் எதுவும் தெரியாமல் போவது வாடிக்கைதான், அதைப் பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார், அதை யாரும் எடுத்தாளவில்லை. போலீசுக்கு எழுதலாம், டாக்டர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. என்னவென்று எழுதுவது? கையில் இருப்பது வட்டம்.

தன்னால் முடிந்ததைச் செய்தார். சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்தார்.

குமகாய் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு அவர் முகம் கறுத்தது. "பதினாலு வருஷமா உங்க வாசல் பனியைத் தள்ளுறது யார்னு நினைச்சீங்க? உங்களுக்காகத்தான் இத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு இருக்கோம். நன்றி கெட்டவங்க சென்செய் நீங்க!" காகிதத்தைப் பிடுங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அறுபத்திரண்டு பேரில் உயிரோடு இருந்த ஐம்பத்து மூன்று பேரையும் தொகாஷி கூப்பிட்டுக் கேட்டார். ஐம்பத்து மூன்று பேரும் வட்டம் என்றார்கள். சிலர் பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வட்டம் என்றார்கள். அவர் சந்தேகப்பட்டால் சிரிப்பார்கள், அழுதால் தைரியம் சொல்வார்கள்.

ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மூலப் பதிவுகளை அவர்கள் துறையிலிருந்து கேட்டு வாங்கிப் பரிசோதித்தார்களாம். ஒரு முரண்பாடும் இல்லையாம். ஆசிரியரின் மனச்சஞ்சலம் மட்டும் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறப் போதுமான காரணம் ஆகாதாம். இவ்வளவு ஒழுங்கான பதிவுகளைப் பார்ப்பது அபூர்வம் என்று பாராட்டும் இருந்தது. வழிகாட்டி பிப்ரவரிக் கடைசியில் அச்சாகி வந்தது. முப்பத்தேழாம் பக்கத்தில் தொகாஷியின் பெயரும் பாதி மாத்திரையும் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தன.

மார்ச் முதல் வாரம், பக்கத்து நகரத்து மருத்துவமனையிலிருந்து நிஷிவாகி என்ற இளம் டாக்டரின் கடிதம் வந்தது. ஒருவரின் பழைய நோயாளி இன்னொருவரிடம் போனால் மரியாதைக்கு எழுதும் கடிதம். தங்களிடம் வந்துகொண்டிருந்த குமகாய் அவர்கள் எம்மிடம் வந்தார், குறிப்பேட்டைப் பார்த்தோம், ஒன்பது வருடமும் வட்டம், தங்கள் புகழ்பெற்ற கட்டுரையின்படி நடவடிக்கை எடுத்துள்ளோம் என்று இருந்தது. தொகாஷி கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார்.

"சென்செய்யா! நீங்களே கூப்பிட்டீங்களா!" நிஷிவாகிக்குத் தலைகால் புரியவில்லை.

"குமகாய்-சானுக்கு வலிப்பு வருது. வண்டி ஓட்ட விடாதீங்க."

"அப்படியா? நீங்க எப்போ பார்த்தீங்க?"

"நான் பார்க்கலை."

"அவர் சொன்னாரா?"

"சொல்லலை."

"வீட்டுல யாராவது?"

"இல்லை."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஆனா சென்செய், டாக்டரோட சந்தேகத்தைவிட நோயாளியோட குறிப்பேட்டைத்தான் நம்பணும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே? அந்த வரியை அச்சடிச்சு எங்க அறையில ஒட்டியிருக்கோம்."

"அந்தக் கட்டுரை தப்பு. முழுக்கத் தப்பு."

நிஷிவாகி சிரித்தான். கேலியாக அல்ல, மரியாதையாக. "பெரியவங்க இப்படித்தான் தன்னைத் தாழ்த்திப் பேசுவாங்கன்னு எங்க தலைவர் சொல்வார். நாங்க கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு."

"சான்றிதழ்?"

"போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன். மனுஷன் எவ்வளவு சந்தோஷமா போனார் தெரியுமா? அப்புறம் ஒரே ஒரு விஷயம் உங்ககிட்டக் கேட்டுக்கணும். நீங்க ஏற்கெனவே பாதியாக்கின மாத்திரையை, உங்க அளவுப்படியே நான் இன்னும் பாதியாக்கிட்டேன். கால்தான் இப்போ. சரிதானே சென்செய்?"

"சரியில்லை" என்றார் தொகாஷி. "சரியில்லை, சரியில்லை."

அதற்குள் அவன் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு போன் பக்கம் திரும்பி, அவருடைய நேரத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.