கடல் இல்லாத வரைபடம்

எங்கள் வீட்டில் சின்னவன் என்றால் என் கொழுந்தன். இரண்டு வேலையைத் தொலைத்துவிட்டுச் சும்மா இருந்தவனை எங்கள் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். "அவனை நிரந்தரமாக்கிட்டா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்பார் மாமியார் தினமும். அவர் கண்ணை மூடுவதும் திறப்பதும் என் கையில் இருப்பதுபோல!

விண்வெளியில் எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் கிளம்பும் ஈர்ப்பு அலையைப் பிடிக்க நிலத்தடியில் பெரிய கருவி ஒன்று அமைக்கப்போகிறார்கள். அதற்கு ஆடாத தரை வேண்டும். லாரி, ரயில், பம்பு எதுவும் அதை உலுக்கக் கூடாது. மூடிக் கிடந்த ஒரு சுரங்கமும், வேறு ஊரில் ஒரு மலைக்குகையும் போட்டியில் இருந்தன. அளந்து சொல்வது எங்கள் பாடு.

சுரங்கத்தில் அதிர்வுமானியை இறக்கி வைத்தவன் சின்னவன். பதிவு வந்ததும் ஆய்வகமே துள்ளியது. அப்படியொரு அமைதி! தலைவர் அவன் தோளைத் தட்டி, "தேர்வுக் குழுவுக்கு நீயே காட்டுப்பா. அன்னைக்கே உன்னை நிரந்தரமாக்கிடலாம்" என்றார். பயலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த அதிர்வுப் பதிவின் வரைபடத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். அதில் கடல் இல்லை.

கடல் அலைகள் ஓயாமல் பூமியை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும். எந்தப் பாலைவனத்தில், எத்தனை ஆழத்தில் வைத்தாலும் வரைபடத்தில் அந்த அசைவு ஒரு மேடாக வந்தே தீரும். வரவில்லையென்றால் கருவி செவிடு என்று அர்த்தம். உள்ளே தொங்கும் எடையை வண்டியில் கொண்டுபோகும்போது ஆடாமல் பூட்டிவைப்போம். இறக்கி வைத்ததும் திறந்துவிட வேண்டும். இந்தப் பிரகஸ்பதி திறக்கவில்லை.

தலைவரிடம் சொன்னால் அவன் வேலை போய்விடும். "அண்ணியே போட்டுக் கொடுத்துட்டா" என்று ஆயுசுக்கும் பேச்சு வேறு. சொல்லாவிட்டால் செவிட்டுக் கருவியை நம்பிப் பூமியைக் குடைவார்கள். அவனைச் சாப்பாட்டு அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இதுல கடல் எங்க தம்பி?"

பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"லிப்ட்காரர் மேல போகணும்னு மணியடிச்சுக்கிட்டே இருந்தாரு அண்ணி. அவசரத்துல பெட்டியப் போட்டு மூடிட்டேன். திறந்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"நெனச்சியா? வீட்டுக் கதவ மூணு தடவ இழுத்துப் பாக்குற ஆளு நீ!"

"தலைவர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "டீயக் குடி, ஆறிடும்."

அவன் டீயைத் தொடவில்லை. எழுந்துபோய்த் தலைவர் அறைக் கதவைத் தட்டினான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நான் காட்டினது தப்பு. கருவியோட பூட்ட நான் திறக்கவே இல்ல."

தலைவர் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். மறுபடி இறங்கி அளந்தோம். இந்தத் தடவை கடல் வந்தது. கூடவே சுரங்கத் தண்ணீரை இறைக்கும் பம்பின் உதறலும் வந்தது. தேர்வுக் குழு மலைக்குகையை எடுத்துக்கொண்டது. சின்னவனிடம், ஒப்பந்தம் முடியும்வரை இருக்கலாம், அதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் மாமியார் என்னைத்தான் பார்த்தார். "நீ அங்க இருந்தும் அவன் வேல போயிடுச்சே."

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் சின்னவன் முந்திக்கொண்டான்.

"அண்ணி யார்கிட்டயும் சொல்லல. நானேதாம்மா போய்ச் சொன்னேன்."

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

அவன் புது வரைபடத்தை அவர் மடியில் விரித்து, ஒரு மேட்டில் விரலை வைத்தான். "இது கடல்மா. இங்கேருந்து கடல் எவ்ளோ தூரம்! நான் புடிச்சது."

மாமியார் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நல்லா செஞ்சிருக்கானா?"

"நல்லா செஞ்சிருக்கான் அத்தை."