ஒட்டுப்போட்ட கேக்

நாத்தனார் பீவி சுள்ளிக்கல்லிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது, சுல்ஃபத் தன் கணவன் கபீருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலாம் வருஷத்து மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. பீவியின் கையில் புதிதாகத் தட்டிய அலுமினிய ட்ரே ஒன்று, செய்தித்தாளில் சுற்றியபடி இருந்தது.

"பஜார்ல சொல்லி அடிச்சது. நம்ம மோளோட நிக்காஹ்க்கு இதுலதான் கேக்கு. எர்ணாகுளத்து ஹோட்டல்ல பார்த்தோமில்ல, மேசை நெறைய ஒரே கேக்கு, அது மாதிரி."

சுல்ஃபத் ட்ரேயைப் பார்த்தாள். தன்னிடமிருந்த பழைய ட்ரேயை எடுத்து அதற்குள் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு அங்குல நீளமும் எட்டு அங்குல அகலமும் உள்ள அந்த ட்ரே ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது.

"இது என் அடுப்புக்குள்ள போகாதுக்கா."

"நாசரிக்காட்ட பேசிட்டேன். அவரு பேக்கரி போர்மா அடுப்புல வச்சுக்கலாம். நீ எல்லாத்தையும் ரெண்டு மடங்கா போடு, அவ்வளவுதானே?"

சுல்ஃபத் தலையாட்டினாள். எதையும் மறுத்துப் பேசுவதற்கு ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் கொஞ்ச நாளாகவே இல்லை. மிளகுப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கபீர் போன நோன்புக்கு முன்னால் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. அன்றிலிருந்து குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் துணி மாற்றுவதும் அவள்தான். இடையில் கிடைக்கிற நேரத்தில்தான் கேக். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் வைக்கிற தகரப் பெட்டி ஒன்றுதான் அவளுடைய கேக் அடுப்பு. கொச்சங்காடியில் பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் சுல்ஃபத்தின் கேக்தான். சின்ன ட்ரேக்கு ஆறு முட்டை, கலவை பாதி உயரம். அதற்கு மேல் அவள் யோசித்ததே இல்லை.

பீவி தம்பியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, "நல்லா பார்த்துக்கற, அல்லாஹ் உனக்குக் கூலி கொடுப்பான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

நிக்காஹ்க்கு முந்தின வாரம், சரியாக வருமா என்று பார்ப்பதற்காக ஒன்று செய்து பார்க்க சுல்ஃபத் முடிவு செய்தாள். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷியைக் கபீரிடம் உட்காரவைத்துவிட்டு, எல்லாவற்றையும் இரண்டு மடங்கு கலக்கி, குடத்தில் ஊற்றி பேக்கரிக்குக் கொண்டுபோனாள். மத்தியான ரொட்டி இறங்கிவிட்டது. போர்மாவின் செங்கல் இன்னும் சூடாகவே இருந்தது. பெரிய ட்ரேயில் கலவையை ஊற்றினாள். அது பரவியது. பரவிக்கொண்டே போய் அடியில் ஒரு பூச்சு போல நின்றது.

நாசர் எட்டிப் பார்த்தார். "இது கேக்கா, தோசையா?"

"ரெண்டு மடங்கு போட்டேனே இக்கா."

"எனக்கு ரொட்டிதான் தெரியும். ஆனா இது பத்தாதுன்னு பார்த்தாலே தெரியுதே."

வைத்ததை எடுக்க மனமில்லாமல் உள்ளே தள்ளினாள். வெளியே வந்தபோது ரஸ்க் மாதிரி விறைத்திருந்தது. ஓரத்தைத் தொட்டால் ஒடிந்தது. பேக்கரி வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் அதை ஆளுக்கொரு துண்டாகச் சாயாவில் தோய்த்துச் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சின்ன ட்ரேயைப் பெரிய ட்ரேக்குள் மறுபடி வைத்தாள். நீளவாக்கில் ஒன்று தள்ளினாள், அகலவாக்கில் ஒன்று தள்ளினாள். அப்போதுதான் புரிந்தது. நாலு ட்ரே கொள்கிற இடம். நீளமும் இரண்டு மடங்கு, அகலமும் இரண்டு மடங்கு. இதைக் கூடவா யோசிக்கவில்லை என்று தன்மேலேயே அலுத்துக்கொண்டாள். கபீர் நல்லபடியாக இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். இப்போது கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்ல நினைக்கிறார் என்று தெரியவில்லை. கேட்கவும் அவளுக்கு அசதியாக இருந்தது.

இரண்டாம் தடவை நாலு மடங்கு கலக்கினாள். மெலிந்துவிடுமோ என்ற பயத்தில் கூடவே இன்னும் இரண்டு பங்கும் சேர்த்தாள். அவ்வளவு முட்டையையும் கையால் அடிக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை இற்றுப்போயிற்று. நடுவில் கபீர் முனகினார். எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குள் முதலில் அடித்த நுரை அமர்ந்துவிட்டது. மறுபடி கமலாக்ஷியைக் கபீரிடம் உட்காரவைத்துவிட்டு பேக்கரிக்குப் போனாள். கலவை ட்ரேயில் முக்கால் உயரத்துக்கு நின்றது. இவ்வளவு உயரம் வேண்டாம் என்று தெரிந்தது. எடுத்து வேறெதில் ஊற்றுவது?

போர்மாவில் அது பொங்கியது. விளிம்பைத் தாண்டி வழிந்து செங்கல்லில் விழுந்து புகைந்தது. நாசர் இருமிக்கொண்டே கதவைத் திறந்தார். ஓரமெல்லாம் கருகியிருந்தது, நடுவில் விரல் வைத்தால் ஆடியது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஓரம் கரியாகும், எடுத்தால் நடு பச்சை. எடுத்தாள். வெளிக்காற்று பட்டதும் நடுப்பகுதி மெல்ல உள்வாங்கி ஒரு குழியாயிற்று.

அவள் அழவில்லை. ட்ரேயைத் துணியால் பிடித்து அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வாசல் திறந்து கிடந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது என்று கமலாக்ஷி குடத்தோடு ஓடியிருந்தாள். கபீர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து, தலை சுவரில் முட்டியபடி கிடந்தார். படுக்கை நனைந்திருந்தது. ட்ரேயைத் தரையில் வைத்துவிட்டு, அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். கை தூக்கவில்லை. முட்டை அடித்த கை. அவரை மடியில் சாய்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கேக் எப்படி வந்தது என்று பார்க்க பீவி வந்தது அந்த நேரத்தில்தான். முதலில் அவள் கண்ணில் பட்டது ட்ரேதான்.

"எந்தா இது? குழி விழுந்து கெடக்கு?"

"வேகலக்கா. இவ்வளவு பெருசுல எனக்கு வராது. என் சின்ன ட்ரேல நாலு செஞ்சு பக்கத்துல பக்கத்துல வச்சு, மேல க்ரீம் பூசித் தர்றேன்."

"என் மோளு கல்யாணத்துக்கு ஒட்டுப்போட்ட கேக்கா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க? இன்னொரு தடவை செஞ்சு பாரு சுல்ஃபத்து."

"என்னால ஆகாதுக்கா."

குரல் உயரவில்லை. ஆனால் இந்த வார்த்தையை அவள் இந்தக் குடும்பத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை.

"கேக்கு மட்டுமில்ல. எதுவுமே ஆகலக்கா. ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சுன்னு தெரியல. இவங்களைத் தூக்கக்கூட இன்னைக்கு என் கைக்கு முடியல. எல்லாரும் வர்றீங்க, அல்லாஹ் கூலி கொடுப்பான்னு சொல்றீங்க, போறீங்க. இவங்க உங்க தம்பிதானே?"

பீவி தம்பியைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் சுல்ஃபத் நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள். பீவி செருப்பைக் கழற்றினாள். முக்காட்டுத் தட்டத்தைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கீழே குனிந்தாள்.

"நீ காலைப் பிடி. கபீரு, ஒண்ணுமில்லடா, நான்தான்."

இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். தம்பியின் ஈரத் துணியைப் பீவியே மாற்றினாள். இதை அவள் இதுவரை செய்ததில்லை. கபீர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அக்காவின் முன்னால் வெட்கமா, வேறெதுவா என்று சுல்ஃபத்துக்குத் தெரியவில்லை.

அன்று பீவி சுள்ளிக்கல் போகவில்லை. நிக்காஹ் வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிறது என்று புலம்பிக்கொண்டேதான் இருந்தாள், ஆனாலும் போகவில்லை. சுல்ஃபத் பாயை விரித்துப் படுத்தவள், மறுநாள் வெயில் முகத்தில் விழுந்தபிறகுதான் எழுந்தாள்.

நிக்காஹ்க்கு முந்தின நாள் சின்ன ட்ரேயில் ஒவ்வொன்றாக நாலு கேக் செய்தாள். ஆறாறு முட்டை, பாதி உயரம், நடுவில் ஈர்க்குச்சி செருகி எடுத்தால் ஒட்டாமல் வந்தது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சற்று உப்பிவிட்டது. கத்தியால் மேலே சீவினாள். சீவிய துண்டைக் கபீருக்கு ஊட்டினாள். நாலையும் பலகையில் சேர்த்துவைத்து, இடுக்குகளில் க்ரீமை அழுத்தி, மேலே பூசினாள். ஒரு பக்கம் கோடு லேசாகத் தெரிந்தது. அங்கே பீவி ரோஜாப்பூ வைக்கச் சொன்னாள். வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் யாரும் கோட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பிரியாணிக்குப் பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

விருந்து முடிந்ததும், நிக்காஹ்க்குத் தூக்கிவந்திருந்த கபீரைப் பீவி தன் வீட்டிலேயே பத்து நாள் வைத்துக்கொண்டாள். சுல்ஃபத் கொச்சங்காடிக்குத் தனியாகத் திரும்பினாள். முதல் நாள் மணிக்கொரு தரம் எழுந்து காலிக் கட்டிலைப் பார்த்தாள். விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று நெஞ்சு உறுத்தியது. இரண்டாம் நாளிலிருந்து தூங்கினாள். பகலிலும் தூங்கினாள்.

கபீரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது பீவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"என்னால முடியல சுல்ஃபத்து. எப்படித்தான் செய்யறியோ."

"செய்யறேன்னு யாரு சொன்னா? நாள் போகுது, அவ்வளவுதான்."

பீவி சாயாவைக் குடித்து முடித்தாள். பிறகு, "மாசத்துல ஒரு வாரம் அனுப்பு. அதுக்கு மேல என் உடம்பு தாங்காது" என்றாள்.

"ஒரு வாரம் மதிக்கா, அது போதும்" என்றாள் சுல்ஃபத். கபீரின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, கஞ்சிக்கு அரிசி களையப் போனாள்.