லியோந்தீன் இறங்கி வந்த விதம்

படி வளைவில், உடலைக் கிடத்தித் தூக்கும் பலகை மறுபடியும் சிக்கிக்கொண்டது. சவ அடக்க ஊழியர்கள் இருவரும் மூச்சு வாங்க அதைக் கீழே இறக்கினார்கள். பிரான்சின் வோஜ் மலையில் ஒரு பழைய வீடு. சவப்பெட்டியும் ஏறாது, பலகையும் திரும்பாது. மாடியில் லியோந்தீன் நீலக் கம்பளி உடுப்பில் கிடந்தாள். முந்தாநாள் போன உயிர், விறைப்பு விட்டிருந்தது.

போர்வையில் சுற்றித் தோளில் தூக்கிவிடலாம் என்று மூத்தவர் ரொஷே தயங்கித் தயங்கிச் சொன்னார். மகள் சொலாஞ்ச் சரியென்று தலையசைக்கப் போனாள். அதற்குள் அவள் அப்பா அன்செல்ம் சாப்பாட்டு மேசையடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தார்.

"மூட்டையாட்டம் வேணாம். அவ இதுல உக்காந்து வரட்டும்."

அவர் செய்த ஓக் நாற்காலிகள் பாரீஸ் வரை போயிருந்தன. வீட்டுக்கென்று செய்தவை ஆறு. ஆணி கிடையாது, துளைக்குள் மரக் கழுந்தை இறுக்கிச் சேர்த்தவை. இந்த ஒன்றின் சாய்வு மட்டும் சற்றுத் தாழ்வு, லியோந்தீனின் முதுகுக்கு அளந்தது. அதில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு சொலாஞ்ச் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றபடியே தட்டைக் காலி செய்துவிடுவாள். உட்காரச் சொன்னால், "உக்காந்தா எந்திரிக்கணுமே" என்பாள்.

"படியில முறிஞ்சுட்டா என்னப்பா பண்றது?"

"அவ பாரத்துக்கா? உன் கல்யாணத்தன்னிக்கு உன் மாமனாரு இதுமேல ஏறி நின்னு ஆடினாரு."

நாற்காலியை மாடிக்குக் கொண்டுபோய் அவளை உட்காரவைத்து, மார்பையும் நெற்றியையும் வெள்ளைத் துணியால் சாய்வோடு சேர்த்துக் கட்டினார்கள். ரொஷே பின்னாலிருந்து சாய்வைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நாற்காலியின் முன்கால்களைப் பற்றிப் பின்னோக்கி இறங்கினார்.

சொலாஞ்ச் படியடியில் நின்றாள். முதலில் கறுப்புக் காலணிகள் தெரிந்தன. பிறகு மடியில் கோத்த கைகள். நாற்காலி ஒரு முனகல்கூட விடவில்லை. முதுகு முழுதும் சாய்வில் பொருந்தியிருக்க, மோவாய் லேசாக நிமிர்ந்திருக்க, அம்மா எல்லாருடைய தலைக்கும் மேலே அமர்ந்து வந்தாள். அவளை இவ்வளவு பெரியவளாக சொலாஞ்ச் கண்டதேயில்லை.

கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அண்டை வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள், யாரும் சொல்லாமலே, ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இறக்கினார்கள். நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டன.

"பெட்டிக்கு மாத்திடலாமாய்யா?" ரொஷே தணிந்த குரலில் கேட்டார்.

"கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டும்" என்றார் அன்செல்ம்.

யாரும் அசையவில்லை. பூட்ஸ்களில் ஒட்டியிருந்த பனி உருகி, தரைக்கல் இடுக்குகளில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.