ஈர நுரையீரல்

கௌசல்யா மாமியின் பேரன் நிமிடத்துக்கு எண்பத்திரண்டு முறை மூச்சு வாங்கினான். பிறந்த பிள்ளைக்கு அறுபதைத் தாண்டக் கூடாது. பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் பச்சிளங்குழந்தை வார்டின் கண்ணாடிக்கு வெளியே தவித்த மாமியைப் பார்க்கத்தான் வயிறு குளிர்ந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்பு தன் மகன் செல்வகணேஷுக்கு என்னைப் பேசி முடித்தவள் இவள்தான். பத்திரிகைகூட அடித்தாயிற்று. அப்புறம் தம்பானூர் ஜோசியன் ஒருவன் என் ஜாதகம் ஆகாது என்றான். மாமி எங்கள் வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி அதைச் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அந்த வருஷம் முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இந்தப் பிள்ளைக்கும் அதே ஜோசியன்தான் நேரம் குறித்தான். டாக்டர் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். மாமியா கேட்பாள்? வலி வருவதற்கு முன்பே, மக நட்சத்திரத்தில், பதினொன்றேகாலுக்கு மருமகள் ஷிஜாவுக்கு ஆபரேஷன் செய்ய வைத்தாள். வயிற்றில் இருக்கும்வரை பிள்ளையின் நுரையீரலில் நீர்தான் நிறைந்திருக்கும். பிரசவ வலி வந்தால் நுரையீரல் அதை உறிஞ்சத் தொடங்கும். பிறந்து அழ அழ, மிச்ச நீரும் விலகிக் காற்று நிறையும். வலியே பார்க்காத இவனுக்கு நீர் தங்கிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தோம்.

குழந்தை டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாகும் சுமி, பயப்பட வேண்டாம்னு வீட்டுக்காரங்கட்ட சொல்லிடு."

வெளியே வந்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரே, குஞ்ஞு பிழைச்சிரும்லா? ஏதாவது சொல்லு மக்ளே."

முகக்கவசத்தை இறக்கினேன். என்னை அடையாளம் தெரிந்ததும் கையை விட்டுவிட்டாள்.

"ஜோசியர்ட்ட கேளுங்க மாமி. நேரம் குறிச்சது அவருல்லா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது.

பிரசவ வார்டில் படுத்திருந்த ஷிஜாவிடம் எதையும் மறைக்கவில்லை. நீர் வற்றிவிடும், நாளை மறுநாள் மடியில் கிடந்து பால் குடிப்பான் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல." எனக்கே வெட்கமாகிவிட்டது. "இப்பப் போய்ச் சொல்லிடுதேன்."

ஷிஜா ஒரு கையால் தையலை அமுக்கிக்கொண்டு, மறு கையால் என் சட்டை நுனியைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் சேச்சி. வலி வரட்டும், பொறுக்கலாம்னு நான் அவங்க காலப் பிடிச்சேன். சாயங்காலம் வரைக்கும் அவங்க அங்கயே இருக்கட்டும்."