கூட்டக் கூட்ட மைனஸ் ஒன்று

நிர்மலா அன்று காலையில்தான் மேட்டுப்பாளையம் சோப்புக் கம்பெனி வேலையைத் தலைமுழுகியிருந்தாள். சும்மா வரவில்லை. "உன் சோப்பைப் போட்டு மொதல்ல உன் வாயைக் கழுவு" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தவளை அட்டைப்பெட்டி ஒட்ட விட்டு, அதிலும் கோணல் கண்டுபிடித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? பேசும்போது இனித்தது. இப்போது கசந்தது. வேலை கேட்டு வந்திருக்கும் இந்த ரெட்டியார்பாளையம் டியூஷன் சென்டரும் கைவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

சென்டர் முதலாளி சாமிக்கண்ணு கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மனிதர் பிளஸ் ஒன் கணக்குக்குச் சொந்தமாக ஒரு கைடு போட்டிருக்கிறார். அட்டையில் அவர் படம், திறந்தால் உள்ளேயும் அவர் படம், அதன் கீழே 'எண்ணூறு பிரதிகள்' என்று அச்சு.

"நாப்பத்தேழாம் பக்கம், மொத கணக்கு. பசங்களுக்கு நடத்தும்மா, பாப்போம்" என்றார்.

முடிவில்லாத பெருக்குத் தொடர். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு? நிர்மலா பழக்க தோஷத்தில் சூத்திரத்தைப் போட்டாள். ஒன்றிலிருந்து விகிதத்தைக் கழி, வருவதால் முதல் எண்ணை வகு. விகிதம் இரண்டு. விடை மைனஸ் ஒன்று. எழுதிய கை அப்படியே நின்றது. கைடைப் பார்த்தாள். அங்கேயும் மைனஸ் ஒன்றுதான், அடியில் இரண்டு கோடு வேறு!

கிழிஞ்சுது போ என்று நினைத்துக்கொண்டாள்.

தேங்காய்த்திட்டிலிருந்து வரும் வடிவேல் எழுந்தான். "மிஸ், எங்கப்பா மொத நாள் ஒரு கூடை மீன் புடிக்கிறாரு. மறுநாள் ரெண்டு, அப்புறம் நாலு. கடைசில கூட்டிப் பாத்தா ஒரு கூடை கொறையுதா? அவராண்ட இதைச் சொன்னா என்னைக் கடல்ல தள்ளிடுவாரு."

வகுப்பே சிரித்தது.

"சூத்திரம் பொய் சொல்லுமாடா? அச்சுலயே வந்துருக்கு!" என்று சாமிக்கண்ணு அதட்டினார். "நீ மேல போம்மா."

ஆமா சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை அவளுக்குத்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் காலையில் சோப்புக் கம்பெனியில் பேசிய அதே பாழாய்ப்போன வாயல்லவா அது?

"தப்பு சார். நானும் யோசிக்காம போட்டுட்டேன்."

சாமிக்கண்ணு காலைக் கீழே இறக்கினார். நிர்மலா கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக ஒடித்துப் பாதியை மேசையில் வைத்தாள். மீதியில் பாதி, அதிலும் மீதியில் பாதி என்று ஒடித்து ஒடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனாள்.

"எவ்ளோ வச்சாலும் ஒரு முழு சாக்பீஸைத் தாண்டுமா?"

"தாண்டாது மிஸ்" என்றாள் முன் பெஞ்சு இஃப்ஃபத். "கிட்டக் கிட்டப் போவும்."

"அதான் மொத்தம் ஒண்ணு. இப்படிப் போகப் போகச் சிறுத்தாத்தான் இந்தச் சூத்திரம். வடிவேலோட மீனு பெருத்துக்கிட்டே போவுது. அதுக்கு மொத்தமே கிடையாது. சூத்திரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி விகிதத்தைப் பாரு." சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மனம் கணக்குப் போட்டது.

நாற்பது தலைகளும் கடைசி பெஞ்சை நோக்கித் திரும்பின. சாமிக்கண்ணுவின் முகம் வெளுத்தது, சிவந்தது. கைக்குட்டையால் ஒருமுறை அழுத்தித் துடைத்த பிறகுதான் அதில் சிரிப்பு வந்தது.

"சபாஷ்! வேணும்னுதான்மா அந்தக் கணக்கைத் தப்பா போட்டு வச்சேன். வர்ற வாத்தியாருங்களைச் சோதிக்கத்தான். இதுக்கு முன்னாடி வந்த நாலு பேருமே கோட்டை வுட்டுட்டாங்க."

ஒரு வாத்தியாரைச் சோதிக்க எண்ணூறு பிரதி அச்சடித்த மகான்! நிர்மலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கைடை மூடப் போனவள் ஐம்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். அங்கே ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று மும்மடங்காகப் போய் மைனஸ் அரையில் முடிந்திருந்தது.

"சார், அப்ப அம்பத்திரெண்டாம் பக்கம்?"

சாமிக்கண்ணு மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

"அதுவும் சோதனைதாம்மா" என்றார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துடு. வரும்போது ஒரு செவப்புப் பேனா எடுத்துக்கினு வா."