ஆறாவது பாட்டில்

சுற்றுச்சூழல் அறிவியல் கடைசி வருட ஆய்வுக்காக, உரக்கிடங்கை ஒட்டிய தெருவில் ஐந்து வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தண்ணீர் வேண்டுமே? நான் யோசிக்கவே இல்லை. நான்கு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஆறாவது பாட்டிலில் பிடித்து, ‘சுத்தம்’ என்று எழுதி ஒட்டினேன். அம்மாவுக்கு அந்தத் தண்ணீர்மேல் அத்தனை பெருமை. எனக்கு மட்டும் என்ன குறைச்சல்!

இன்று ஆய்வகத்தில், உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் நைட்ரேட் உப்பின் அளவைப் பார்த்தேன். ஐந்தும் வரம்புக்குள் இருந்தன. ஆறாவது மூன்று மடங்கு தாண்டியிருந்தது. கருவியைத் திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி பார்த்தேன். எண் அசையவில்லை.

“இது யார் வீட்டுக் கிணறும்மா?” என்றார் பேராசிரியர்.

“எங்க வீடு சார்.”

“வீட்டுல கைக்குழந்தை இருக்கா? பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் ஆகாது. குழந்தைக்கு ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சு உடம்பே நீலம் பாஞ்சிடும். காய்ச்சினாலும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.”

அக்காவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். புட்டிப்பால்தான். வராந்தாவுக்கு ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, பாப்பாவுக்கு நம்ம கிணத்துத் தண்ணியிலயா பால் கரைக்கிற?”

“பின்னே? ஏன்டி இப்படி மூச்சு வாங்குது உனக்கு? பயப்படாதே. படிச்ச பொண்ணு நீ சொன்னியே, அதே மாதிரி பாதியா வத்துற வரைக்கும் காய்ச்சித்தான் குடுக்கிறேன்.”