பேனரில் போட்ட பெயர்

அவளுடைய நிஜப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எந்த நாட்டுக்காரி என்றும் சொல்ல மாட்டேன். ஒருமுறை எழுதிவிட்டுப் பட்டதே போதும். எங்கள் வீட்டில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பொன்னி. அதை எழுதலாம், அதை மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் டிபன் கடை. கடைக்கு மேலே ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறோம். நான் ஆதிலட்சுமி. என் வாய்க்குப் பயப்படாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் குடத்தோடு உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் தருமன், கொஞ்சம் மெதுவாகப் பேசு என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் கேட்டது!

பொன்னி ஐந்து மாதம் மாடியில் இருந்தாள். முப்பது வயதிருக்கும். விடிந்ததும் மலையைச் சுற்றிவிட்டு வருவாள், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். கற்றுக்கொண்ட அரைகுறைத் தமிழில், சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று என்னையே குறை சொல்வாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. போட்டோ என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. யார் செல்போனைத் தூக்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்ரா பௌர்ணமிக்குக் கடை வாசலில் அன்னதானம் போட்டோம். மூன்று மூட்டை அரிசி அவள் உபயம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். எங்கள் ஊரில் அப்படி விட்டுவிட முடியுமா? ஒரு பானை மோர் கொடுத்தவனே பத்தடி பேனரில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவளுக்குத் தெரியாமல் வைத்து அசத்த வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீசுக்கு விவரம் அனுப்ப வேண்டும். அதற்காக வாங்கிய பாஸ்போர்ட் நகல் என்னிடம் இருந்தது. படத்தை அதிலிருந்து எடுத்து, பெயரையும் ஒரு எழுத்து பிசகாமல் இங்கிலீஷில் போடச் சொன்னேன். மேலே அண்ணாமலையார், நடுவில் அவள், கீழே கைகூப்பியபடி நானும் என் வீட்டுக்காரரும். காலையிலேயே அதை ஃபேஸ்புக்கில் போட்டு அறுபது லைக் வாங்கிவிட்டேன்.

மத்தியானம் பரிமாற இறங்கி வந்தவள் பேனரைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைக் கிழித்தாள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. சாமி படத்தையா கிழிக்கிறாய், சோறு போட்ட வீட்டில் இதென்ன திமிர் என்று ஊர் கேட்கக் கத்தினேன். அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை.

"யாராவது போட்டோ எடுத்தாங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

லட்சம் பேர் நடக்கிற பாதை. அதைவிட, என் ஃபேஸ்புக். அதைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எல்லாம் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் ஊர்த் தெருவில் அவளும் சேர்ந்து ஐந்து பேர், அரசாங்கத்தை எதிர்த்து ஆளுக்கொரு வெள்ளைத்தாளைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. மற்ற நான்கு பேரும் இன்னும் ஜெயிலில் இருக்கிறார்கள். இவள் எங்கே இருக்கிறாள் என்று அவள் அப்பாவுக்கே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அவருக்குக் காவல். எழுதாத தாளுக்கா ஜெயில் என்று என்னால் நம்பவே முடியவில்லை. ஃபேஸ்புக்கில் போட்டதை உடனே அழித்தேன். இது இந்தியா, இங்கே எவன் வந்து உன்னை என்ன செய்துவிடுவான், நான் இருக்கிறேன் என்று மார்தட்டினேன்.

நாலாம் நாள் காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் போனில் வீடியோ கால் வந்தது. அவள் அப்பா. யார் யாரோ மூலம் புது நம்பரைப் பிடித்திருக்கிறார்கள். நரைத்த தலையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆட்களின் முழங்கால் மட்டும் தெரிந்தது. மேசையிலிருந்து ஒரு கலர் தாளை எடுத்துக் காட்டினார். எங்கள் பேனர். நடுவில் அவள், கீழே கைகூப்பிச் சிரித்தபடி நான். எந்த ஊரோ, எந்தத் தெருவோ, அந்த வீட்டில் என் முகம் இருந்தது.

உடம்பு சரியில்லை, உடனே வா என்கிறார் என்று அவள் சொன்னாள். மனிதர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். போகாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"நான் போகலன்னா அவர் ஜெயிலுக்குப் போகணும் அக்கா" என்றாள்.

மறுநாள் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறினாள். இட்லி கட்டிக் கொடுத்தேன். என்மேல் கோபமா என்று கேட்க வாய் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். நான் ஒரு பெண்ணையே பிடித்துக் கொடுத்துவிட்டேன், பாவி.

நாற்பது நாள் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு பகலில், கடையில் கூட்டம் இல்லாத நேரம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஆண் குரல். செய்தி வாசிப்பவர் பேசுகிற மாதிரி சுத்தமான தமிழ்.

"வணக்கம் அம்மா. உங்கள் பொன்னி நலமாக இருக்கிறார். வெங்காயம் உரிக்கும்போது அவர் உங்களிடம் யார் யாரைப் பற்றிப் பேசினார்?"

பொன்னி என்ற பெயர் பேனரில் இல்லை. பாஸ்போர்ட்டில் இல்லை. ஃபேஸ்புக்கிலும் இல்லை. எங்கள் அடுப்படியைத் தாண்டாத பெயர் அது. அதை அவள் வாயிலிருந்து வாங்க அவளை என்ன செய்தார்கள்?

"எதுவும் பேசலீங்க" என்றேன். போன் கட்டாகிவிட்டது.

தோசைக்கல் பக்கம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் போனில் யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

"என்னா முணுமுணுக்கற? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்" என்றார்.

தெருவைப் பார்த்தேன். வழக்கம்போல ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள், இரண்டு பேர் கடையைப் பார்த்து செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.